அக்கம்பக்கத்தாரை இணைக்கும் செயலி: தொடங்கும் முன் சில கேள்விகள்

தெருவிளக்கு எழுதியது:

வணக்கம். ஒரே கட்டடத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழ்வது இன்று பலருக்கு இயல்பாகிவிட்டது. எனக்குத் தெரிந்த வேலை நிரல் எழுதுவது மட்டும்தான் என்பதால், அக்கம்பக்கத்தாரை இணைக்கும் ஒரு செயலிக்குக் கடந்த மூன்று மாதங்களாகத் திட்டம் தீட்டி வருகிறேன். நிரலில் கைவைப்பதற்கு முன் குறைகளைக் கேட்டுவிட வேண்டும் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன். பாராட்டைவிட எதிர்ப்புதான் இப்போது எனக்குப் பயன்படும்.

அருகருகே உள்ள வீடுகளை வட்டங்களாகப் பிரித்து, ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 300 வீடுகள் என்று வைத்திருக்கிறேன். வட்டத்துக்குள் நடப்பதை வெளியில் இருப்பவர் பார்க்க முடியாது. உதவி கேட்பது, உதவி தருவது, பொது அறிவிப்பு என்று பதிவுகள் மூன்றே வகை. விருப்பக்குறி கிடையாது, பின்தொடர்வோர் எண்ணிக்கை கிடையாது, விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பதிவுகளும் கிடையாது. கேட்டது கிடைத்துவிட்டால் அந்தப் பதிவு பட்டியலிலிருந்து நீங்கிவிடும். சேருபவர் உண்மையிலேயே அந்த முகவரியில் வசிப்பவர்தானா என்பதை, வீட்டுக்கு அஞ்சலில் ஒரு குறியெண் அனுப்பிச் சரிபார்க்கலாம் என்று நினைக்கிறேன். 2011-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நெக்ஸ்ட்டோர் என்ற அண்டைவீட்டார் தளம் அஞ்சலட்டை அனுப்பி முகவரியை உறுதிசெய்த முறையே இது.

இது வெறும் ஆசையன்று என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. 1990-களின் இறுதியில் கனடாவின் டொரான்டோ நகரை ஒட்டி எழுந்த ஒரு புதிய குடியிருப்பைக் கீத் ஹாம்ப்டன், பாரி வெல்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 'நெட்வில்' என்று அவர்கள் பெயரிட்ட அந்த இடத்தில் இருந்த 109 வீடுகளில் 64 வீடுகளுக்கு அதிவேக இணைய இணைப்பும் அண்டைவீட்டாருக்கான மின்னஞ்சல் குழுவும் கிடைத்தன. மற்ற வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. இணைப்புப் பெற்ற வீட்டினர், பெறாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அண்டைவீட்டாரைப் பெயர் சொல்லும் அளவுக்கு அறிந்திருந்தார்கள். வீடு கட்டித்தந்த நிறுவனத்திடம் குறைகளை ஒன்றுதிரண்டு முறையிட்டபோதும் அந்த மின்னஞ்சல் குழுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அன்றைய எளிய கருவியே இவ்வளவு செய்தது என்றால், இன்று கவனமாக வடிவமைக்கும் ஒரு செயலி இன்னும் கூடுதலாகச் செய்யாதா?

எட்டாம்மாடி எழுதியது:

உங்கள் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் பதினொரு ஆண்டுகள் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தவள். அந்த அனுபவத்தை வைத்தே மறுக்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசித்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தோம், அவரும் இருந்தார். ஓர் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கைபேசி கூடத்து மேசைமேல் இருந்ததால் யாரையும் அழைக்க முடியாமல், மறுநாள் முழுவதும் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். இரண்டு நாள் செய்தித்தாள்கள் கதவடியில் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்து, தாள் போடும் பையன்தான் கீழே வந்து காவலாளியிடம் சொன்னான். அதே தளத்தில் மூன்று வீட்டார் அந்தத் தாள்களைத் தாண்டித்தான் மின்தூக்கிக்குப் போய்வந்திருந்தார்கள். பிறகு குழுவின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில் அவர் அங்கே ஒரு வரிகூட எழுதியதில்லை. மருத்துவமனையில் கேட்டபோது, "எல்லோருக்கும் ஆயிரம் வேலை இருக்கும், நான் வேறு எதற்குத் தொந்தரவு கொடுப்பது" என்றார்.

உங்கள் செயலியிலும் அவர் எழுதியிருக்கமாட்டார். கேட்கக் கூச்சப்படாதவர்களுக்கு ஏற்கெனவே பத்து வழிகள் இருக்கின்றன. கேட்க வாய் வராதவருக்குப் பதினோராவது வழி எதற்கு?

நெட்வில் ஆய்வைக் காட்டினீர்கள். அங்கிருந்த எல்லோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் புதுவீட்டுக்குக் குடிவந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே வகைத் தொல்லை, எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின்மேல் புகார். பேசுவதற்குக் காரணம் முன்பே இருந்தது. மின்னஞ்சல் குழு அதற்கு வழிவிட்டது. காரணம் இல்லாத இடத்தில் வழி மட்டும் என்ன செய்யும்?

1995 ஜூலையில் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க், நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்ற இரண்டு அடுத்தடுத்த பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையிலும் தனித்து வாழும் முதியோர் எண்ணிக்கையிலும் இரண்டும் ஒத்திருந்தும், முன்னதில் இறப்பு விகிதம் பின்னதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. சவுத் லான்டேலில் கடைகளும் ஆள்நடமாட்டமும் நிறைந்த தெருக்கள் இருந்ததால் முதியவர்கள் வெளியே வந்தார்கள், ஒருநாள் காணவில்லை என்றால் பிறர் கண்ணில் பட்டது. நார்த் லான்டேலில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியே வர அஞ்சியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். காப்பாற்றியது தெரு. கைபேசித் திரை அந்தத் தெருவுக்கு ஈடாகும் என்று நான் நம்பவில்லை.

நிரல்முடிச்சு எழுதியது:

நான் வேறொரு திசையிலிருந்து எதிர்க்கிறேன். எட்டாம்மாடி அவர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டால் எதையுமே செய்யாமல் இருந்துவிடலாம். தெருவிளக்கு அவர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டால் ஓர் ஆண்டில் கடையை மூட வேண்டியிருக்கும்.

இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதியது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை உங்கள் வட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் சேர்ந்தாலும், 300 பேரில் தொடர்ந்து எழுதப்போகிறவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் வீடு மாறினாலே செயலி செத்தது போலத்தான். புதிதாக வருபவர் திறந்து பார்த்து, கடைசிப் பதிவு மூன்று வாரத்துக்கு முந்தையது என்று கண்டால், இரண்டாம் முறை திறக்கமாட்டார்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏட்ரியன் ஹொலவாட்டி என்ற அமெரிக்க நிரலாளர் நைட் அறக்கட்டளையின் நல்கையோடு 2008-இல் தொடங்கிய எவ்ரிபிளாக், ஒவ்வொரு தெருவளாகத்துக்கும் தனித்தனியே செய்தி தந்த அருமையான தளம். மறு ஆண்டே பெரிய ஊடக நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. 2013 பிப்ரவரியில் அது திடீரென மூடப்பட்டது. பின்னர் சிறிது காலம் உயிர்பெற்றாலும் பழைய இடத்தை அது அடையவில்லை. நேரில் கூடும் குழுக்களை அமைக்க உதவும் மீட்அப் தளம் 2005-இல் குழு நடத்துபவர்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியதும் பல குழுக்கள் விலகிப்போயின. நல்கையை நம்பினால் நல்கை தீரும். உறுப்பினரிடம் கேட்டால் உறுப்பினர் போவார். ஆகவே முதலில் ஒரு முழு நகரத்தைத் திறந்துவிட்டுக் கூட்டத்தைச் சேருங்கள், விளம்பரத்தால் செலவைச் சமாளியுங்கள், வட்டங்களாகப் பிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிறியது அழகானது என்பது உண்மைதான். ஆனால் சர்வர் கட்டணம் மாதாமாதம் வருகிறது.

தெருவிளக்கு எழுதியது:

எட்டாம்மாடி அவர்களுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஆசிரியையைப் பற்றிப் படித்த பிறகு நேற்று முழுவதும் என் திட்ட வரைவைத் திறக்கவே மனம் வரவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நிரல்முடிச்சு அவர்களுக்கு மட்டும் இப்போது பதில் தருகிறேன். 90-9-1 என்பது யார் வேண்டுமானாலும் வந்து போகும் பெரிய திறந்த தளங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு; அடுத்த வீட்டில் இருப்பவர் படிக்கிறார் என்று தெரிந்து எழுதும் இடத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் கருதவில்லை. இதற்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் ஃபிரன்ட் போர்ச் ஃபோரம் நல்ல எடுத்துக்காட்டு. மைக்கேல் வுட்-லூயிஸ் 2000-இல் தம் குடியிருப்புப் பகுதிக்கு மட்டும் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல், 2006-இல் பர்லிங்டன் நகர் வட்டாரத்துக்கு விரிந்து, பிறகு மாநிலம் முழுவதையும் எட்டியது. விரிந்தபோதும் அவர்கள் ஒரே பெரிய மைதானமாகத் திறந்துவிடவில்லை. சிறு சிறு பகுதிகளாகவே பெருக்கினார்கள். உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவையும் ஊழியர் ஒருவர் படித்த பின்னரே வெளியிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் நாளுக்கு ஒரு மின்னஞ்சலாகத் தொகுத்து. அங்கே எழுதிய கோபம் அடுத்த நாள்தான் வெளிவரும் என்பதால், எழுதியவரே அதற்குள் ஆறிவிட வழி இருக்கிறது. 2011-இல் ஐரீன் புயல் வெள்ளத்தில் சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டபோது, அந்தச் சலிப்பூட்டும் மின்னஞ்சல் வழியாகத்தான் பல ஊர்களில் உதவிக்கு ஆள் திரண்டார்கள். செலவுக்கு வட்டாரத் தொழில்களின் விளம்பரமும் உறுப்பினர் விரும்பித் தரும் நன்கொடையும் போதுமானதாக இருக்கின்றன. மெதுவாக வளர்ந்தும் நிலைக்க முடியும் என்பதை இவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நிழற்குடை எழுதியது:

பணத்தையும் அளவையும் பற்றிப் பேசிக்கொண்டே, இதைவிடப் பெரிய ஆபத்தைத் தாண்டிப் போகிறீர்கள். உங்கள் மூன்றாவது வகை, 'பொது அறிவிப்பு', இருக்கவே கூடாது என்பது என் நிலை.

ஒரு குடியிருப்பின் இணையக் குழுவுக்கு, பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநராக நான் இருந்தேன். ஒருநாள் காலை ஏழு மணி இருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரின் படம் வந்தது. "மூன்று நாளாக இவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், யாரென்று தெரியவில்லை, எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. முக்கால் மணி நேரத்துக்குள் எழுபது பதில்கள். ஒருவர் அவருடைய இருசக்கர வண்டியின் எண்ணைப் போட்டார். இன்னொருவர் காவலாளிக்குத் தொலைபேசியில் சொல்லி வாசலிலேயே நிறுத்தச் செய்தார். நான் படத்தைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இளைஞர் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்குப் புண்ணில் மருந்து வைத்துக் கட்டுப்போட வந்தவர். வீட்டார் எழுந்திருக்கும் முன் மணியடிக்க வேண்டாம் என்று படியில் காத்திருப்பது அவர் வழக்கம். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை; பெரியவருக்கு வேறு ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆனது. படம் போட்டவர் உண்மையாகவே வருந்தினார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் அந்தப் படம் வேறு மூன்று குழுக்களுக்குப் போயிருந்தது, அங்கிருந்து அதை எடுக்க எங்களில் யாராலும் முடியவில்லை.

அக்கம்பக்கம் என்ற உணர்வுக்குள் அந்நியரைப் பற்றிய அச்சமும் ஒளிந்திருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட நெக்ஸ்ட்டோரில், தோல்நிறத்தை மட்டும் வைத்துச் சந்தேகம் கிளப்பும் பதிவுகள் பெருகிக் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, 2016-இல் அந்த நிறுவனம் குற்றம் பற்றிய பதிவுப் படிவத்தையே மாற்றியமைத்தது. ஒருவருடைய இனத்தைக் குறிப்பிட்டால் உடை, காலணி போன்ற வேறு அடையாளங்களையும் தர வேண்டும், அந்த ஆள் என்ன செய்தார் என்பதைத் தனியே எழுத வேண்டும் என்று படிவம் கேட்டது. சோதித்துப் பார்த்த பகுதிகளில் அத்தகைய பதிவுகள் 75 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே தெரிவித்தது. பதிவைக் காவல்துறைக்கு நேரே அனுப்பும் வசதியை 2020-இல் நீக்கினார்கள். ஒரு படிவத்தில் இரண்டு கேள்விகளைக் கூட்டியதால் இவ்வளவு மாறுகிறது என்றால், அந்தக் கேள்விகள் இல்லாத காலத்தில் எத்தனை பேர் வாசலில் நிறுத்தப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உதவி கேட்பதிலும் இதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. "பத்து நாள் வெளியூர் போகிறோம், செடிகளுக்கு யாராவது தண்ணீர் ஊற்ற முடியுமா" என்ற கள்ளமற்ற கேட்பு, இந்தக் கதவு எண்ணுள்ள வீடு பத்து நாள் பூட்டியிருக்கும் என்று 300 வீடுகளுக்கும் சொல்லிவிடுகிறது. "இரவில் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று ஒரு பெண் எழுதினால் அது எதைச் சொல்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முகவரியைச் சரிபார்த்துவிட்டதால் எல்லோரும் நல்லவர்கள் என்று பொருளாகாது. அஞ்சலட்டை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான் அதனால் உறுதியாகிறது.

எட்டாம்மாடி எழுதியது:

நிழற்குடை அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். முகவரிச் சரிபார்ப்பில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. ஆவணத்தில் பெயர் இருப்பவர் மட்டும்தான் அண்டைவீட்டாரா? உள்வாடகைக்கு இருப்பவர், உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவர், காவலாளி, நாள்தோறும் பத்து வீடுகளில் வேலை செய்யும் பெண் ஆகியோர் அந்த இடத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். விழுந்து கிடந்த ஆசிரியையைக் கண்டுபிடித்த பையனின் பெயர் எந்த உறுப்பினர் பட்டியலிலும் இல்லை.

மட்டுறுத்துவது யார் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஃபிரன்ட் போர்ச் ஃபோரத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் படிக்கிறார். உங்களிடம் பணம் இல்லை, ஆகவே வட்டத்தில் ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும். இரவு ஒருவருடைய பதிவை நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள் காலை அதே ஆளோடு மின்தூக்கியில் எட்டு மாடி இறங்குவது எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். பொதுச் சொத்தைத் தாங்களே பராமரித்து நீண்டகாலம் நிலைத்த பாசனக் குழுக்களையும் மீனவர் குழுக்களையும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் (பொருளியலுக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்றவர்) 1990-இல் எழுதிய நூலில் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார். அங்கெல்லாம் முதல் தவறுக்குத் தண்டனை மிகச் சிறியது, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கடுமை கூடும், கண்காணிப்பவரும் அந்தக் குழுவுக்குக் கட்டுப்பட்டவர். செயலிகளில் இருப்பதோ ஒரே பொத்தான்: நீக்கு. அண்டைவீட்டாரை அப்படி நீக்கிவிட முடியாது. நீக்கிய பிறகும் அவர் அண்டைவீட்டாராகவே இருப்பார், கூடுதலாக ஒரு மனக்கசப்போடு.

நிரல்முடிச்சு எழுதியது:

அறிவிப்பு கூடாது, பெயர் கூடாது, முகவரி கூடாது, முன்கூட்டியே படிக்காமல் எதுவும் வெளிவரக் கூடாது. இத்தனை தடைகளுக்குப் பிறகு, குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்று ஒரு தாய் எழுதினால் அது எப்போது அடுத்த வீட்டாரைச் சென்றடையும்? காலையில் பதிவுகளைப் படிக்கும் பொறுப்பாளர் பல் துலக்கிய பிறகா? பாதுகாப்பு வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. தாமதமும் ஓர் ஆபத்துதான் என்பதை மறந்துவிட வேண்டாம் என்றே வேண்டுகிறேன்.

தெருவிளக்கு எழுதியது:

நான்கு நாள்கள் யோசித்த பிறகு எழுதுகிறேன். பொது அறிவிப்பை எடுத்துவிட்டேன். மனிதர் படம் பதிவேற்றும் வசதி எந்த வகையிலும் இருக்காது. கேட்பில் வேலையும் நேரமும் மட்டும் தெரியும்: "செவ்வாய் மாலை, ஒரு மணி நேரம், பெரியவர் ஒருவருக்குத் துணை". நான் வருகிறேன் என்று ஒருவர் சொன்னதும், கேட்டவர் அவருடைய பெயரைப் பார்த்துச் சம்மதித்தால் மட்டுமே கதவு எண் அவருக்குப் போகும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் எடுத்துக்காட்டில், வீடு பூட்டியிருப்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியவரும், அவரும் வீட்டுக்காரர் தாமே தெரிந்தெடுத்தவர்.

நள்ளிரவுக் காய்ச்சலுக்கு இந்தச் செயலி உதவாது என்பதை முதல் திரையிலேயே எழுதிவைக்கப்போகிறேன். நெருக்கடிக்கு அவசர ஊர்தி இருக்கிறது, தட்டுவதற்கு எதிர்க்கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் தயங்காமல் தட்டும் அளவுக்குப் பழக்கம் முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் பகல்நேரத்துச் சிறு உதவிகள்.

முகவரிச் சரிபார்ப்பில் எட்டாம்மாடி அவர்கள் சொன்னது என்னைச் சுட்டது. அஞ்சல் குறியெண்ணுக்குப் பதிலாக, ஏற்கெனவே வட்டத்தில் இருக்கும் இருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று சொன்னால் போதும் என்று மாற்றியிருக்கிறேன். காவலாளியும் வரலாம், செய்தித்தாள் போடுபவரும் வரலாம். யாரையும் தெரியாமல் புதிதாகக் குடிவந்தவர் இதனால் வெளியே நிற்க நேரிடும் என்பது உண்மை. அவரைப் பொறுப்பாளர் நேரில் போய்ப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பொறுப்பாளருக்குத்தான் நான் முன்பு எந்தத் திரையுமே வரைந்திருக்கவில்லை என்பதை இந்த விவாதத்தில்தான் உணர்ந்தேன். 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஓர் இசைத்தட்டுக் கடையின் வாசலில், இசைக்கலைஞர்கள் அறிவிப்பு ஒட்டும் பலகைக்குப் பக்கத்தில், 'கம்யூனிட்டி மெமரி' என்ற பெயரில் கணினியோடு இணைந்த தட்டச்சுப்பொறியான ஒரு டெலிடைப் எந்திரத்தை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் செய்தி எழுதலாம், தேடலாம். நான் அறிந்தவரை, பொதுமக்களுக்கென வைத்த முதல் கணினி அறிவிப்புப் பலகைகளில் ஒன்று அது. எந்திரத்தின் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருந்து, தயங்கி நிற்பவர்களை அழைத்து எப்படி எழுதுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். வரலாற்றில் எந்திரத்தின் பெயரைத்தான் நினைவு வைத்திருக்கிறோம். என் வரைவில் நான் விட்டுவிட்டது அதன் பக்கத்தில் இருந்த ஆளை.

ஆகவே இப்போதைக்குச் செயலி எழுதப்போவதில்லை. மிகுதி உணவைப் பகிரும் ஓலியோ செயலியை 2015-இல் தொடங்கிய இருவர், அதற்கு முன் பன்னிரண்டு பேரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். நானும் நாற்பது வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு நோட்டும் வைத்து ஆறு வாரம் நடத்திப் பார்க்கிறேன். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பதை எண்ணமாட்டேன். கேட்டவற்றில் எத்தனை நிறைவேறின, எத்தனை மணி நேரத்தில், இதற்கு முன் அறிமுகமில்லாதவர் எத்தனை பேர் வந்து செய்தார்கள் என்பவற்றை மட்டும் குறித்துவைப்பேன்.

நிரல்முடிச்சு எழுதியது:

ஆறு வாரத்துக்குப் பிறகும் பணக் கேள்வி அப்படியே நிற்கும் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் நோட்டில் தொடங்குவதை வரவேற்கிறேன். நோட்டுக்குச் சர்வர் கட்டணம் இல்லை.

எட்டாம்மாடி எழுதியது:

இது முன்பைவிடப் பல மடங்கு நல்ல திட்டம். ஆனாலும் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்காதவரை என்ன செய்வீர்கள்?

நான் செயலாளராக இருந்தபோது ஒரு நோட்டு வைத்திருந்தேன். யார் என்ன உதவி கேட்டார்கள், யார் செய்தார்கள் என்று தேதியோடு எழுதிவைப்பேன். நேற்று அதை எடுத்துப் புரட்டினேன். பெரும்பாலானவை இரண்டே வகையைச் சேர்ந்தவை: ஒரு மணி நேரம் யாராவது வீட்டில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவமனைக்கு யாராவது கூட வர வேண்டும். அவற்றில் பாதிக்கு மேல், தேவைப்பட்டவர் தாமே கேட்டவை அல்ல. "மூன்றாம் மாடியில் அந்த அம்மாவுக்குக் கண் அறுவை என்று கேள்விப்பட்டேன், யாராவது கூடப் போகிறார்களா" என்று இன்னொருவர் வந்து சொன்னவை. உதவி இப்படிப் பக்கவாட்டில்தான் வருகிறது. ஆகவே ஒருவருக்காக இன்னொருவர் கேட்கும் வழி உங்கள் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நிழற்குடை எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருடைய நோயையும் தனிமையையும் அவர் அறியாமல் இன்னொருவர் பதிவு செய்வது, எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், அந்த மாடிப்படிப் படத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கண் அறுவை செய்துகொண்டதைப் பிறர் அறிய வேண்டாம் என்று அந்த அம்மா நினைத்திருந்தால்?

எட்டாம்மாடி எழுதியது:

நியாயமான கேள்வி. அதனால்தான் அதை வட்டத்துக்குச் சொல்லக் கூடாது, பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவர் எங்கும் எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "நான் கூட வரட்டுமா" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, நோட்டிலும் ஏறாது. சொன்னவரிடம்கூட என்ன பதில் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நிழற்குடை எழுதியது:

இப்படியென்றால் முழுமனதாக இல்லாவிட்டாலும் ஒப்புகிறேன். பொறுப்பாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், பழைய நோட்டு புதியவர் கைக்குப் போகக் கூடாது என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு எழுதியது:

இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். எட்டாம்மாடி அவர்களே, நாற்பது வீடுகளில் எந்த வகைக் கேட்புகள் வரும், எந்த நேரத்தில் ஆள் கிடைப்பது அரிது என்பதை முன்கூட்டியே அறிய உங்கள் நோட்டு எனக்குப் பெரிதும் உதவும். அதைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?

எட்டாம்மாடி எழுதியது:

படமெடுத்து அனுப்பமாட்டேன். அதில் பெயர்கள் இருக்கின்றன, சிலர் இப்போது உயிரோடு இல்லை. பெயரையும் கதவு எண்ணையும் விட்டுவிட்டு, என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு ஆள் கிடைத்தார் என்பதை மட்டும் தனித்தாளில் எழுதித் தருகிறேன். பதினொரு ஆண்டு நோட்டு என்பதால் சில நாள்கள் ஆகும்.